பாரூக்கு எங்கே?

"நல்ல எழுத்து தன் வழியைத் தானே தேடிக்கொள்ளும்" என்னும் வாசகத்தை நூல் வெளியீட்டு மேடைகளில் நாம் எத்தனையோ முறை கேட்டிருக்கிறோம். பொன்னாடை போர்த்தப்பெற்றவர் சொல்வார், போர்த்தியவரும் சொல்வார், கீழே அமர்ந்திருப்போர் கைதட்டுவர். அப்படிக் கைதட்டுவோரில் சிலர் தம் வீட்டுப் பெட்டிக்குள் ஒரு கையெழுத்துப்படியை வைத்துக்கொண்டு வந்திருப்பவர்கள் என்பதுதான் வேதனை. இந்த வாசகம் பொய் என்று நாம் சொல்கிறோம். பொறுப்பைத் தட்டிக்கழிக்க வசதியான பொய் என்றும் சேர்த்தே சொல்கிறோம். எழுத்துக்குக் கால்கள் கிடையா. யாரோ ஒருவர் சுமந்து சென்றுதான் அதை அச்சுக்கூடத்தின் வாசலில் இறக்கி வைத்திருக்கிறார். அந்த ஒருவரை மறந்துவிட்டு, எழுத்து தானே நடந்து வந்ததாகக் கதை கட்டுகிறோம்.

சான்று தேடித் தொலைதூரம் போக வேண்டியதில்லை. கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் இடைப்பட்ட நம் மண்ணே போதும். சிதம்பரத்தை அடுத்த மருதூரில் 1823இல் பிறந்த இராமலிங்க அடிகள் தம் பாடல்களை அச்சில் காண ஆசைப்பட்டவரல்லர். ஆசைப்பட்டவர் இறுக்கம் இரத்தின முதலியார். அவர் கடிதத்தின்மேல் கடிதம் எழுதினார். பாடல்கள் கைக்கு வந்து சேரும்வரை நாளுக்கு ஒரு வேளையே உண்பதென்று நோன்பு பூண்டார். அந்தச் செய்தி கேட்டு அடிகள் மனமிரங்கினார். தொழுவூர் வேலாயுத முதலியார் பாடல்களைத் தொகுத்து முறைப்படுத்த, 1867இல் திருவருட்பா வெளிவந்தது. அதையொட்டி எழுந்த பூசல் மஞ்சக்குப்பம் நீதிமன்றப் படிக்கட்டு வரை ஏறியது வேறு கதை. வடலூர் சோதியைக் காணத் தைப்பூசத்தன்று திரளும் மக்களுக்கு அடிகளைத் தெரியும். ஒரு வேளை உணவோடு காத்திருந்த முதலியாரை எத்தனை பேருக்குத் தெரியும்?

சிறுகதையாசிரியர் மௌனி தம் பிற்கால வாழ்வைச் சிதம்பரத்தில் கழித்து, 1985இல் அங்கேயே மறைந்தார். இருபத்து நான்கே கதைகள் எழுதியவர். எழுத வேண்டும் என்று அவரை நச்சரித்து, எழுதியதை வாங்கி அச்சேற்ற மணிக்கொடியின் பி. எஸ். ராமையா இருந்தார். ராமையா இல்லாவிடில் அந்த இருபத்து நான்கில் எத்தனை நம் கைக்கு வந்திருக்கும்?

ஜெயகாந்தனின் கதை இதைவிடத் தெளிவானது. 1934இல் கடலூர் மஞ்சக்குப்பத்தில் பிறந்தவர். தொடக்கப் பள்ளிப் படிப்போடு நின்றவர். சென்னையில் கம்யூனிஸ்டுக் கட்சி அலுவலகக் கம்யூனில் அடைக்கலம் பெற்றார். ஜனசக்தி அச்சகத்தில் மெய்ப்புப் பார்க்கக் கற்றார். ஜீவானந்தம் முதலிய தோழர்கள் அவருக்குத் தமிழும் உலக இலக்கியமும் ஊட்டினர். பிறகு சரஸ்வதி போன்ற சிற்றிதழ்கள், பிறகு ஆனந்த விகடன், பிறகு அவருடைய நூல்களைத் தொடர்ந்து வெளியிட்ட மதுரை மீனாட்சி புத்தக நிலையம் என்று கைகள் மாறி மாறி அவரைத் தாங்கின. 2002ஆம் ஆண்டுக்குரிய ஞானபீட விருது அவருக்கு வந்தபோது, கடலூர் பெற்ற மகன் தன் முயற்சியால் உயர்ந்தான் என்று பேசினோம். முயற்சி அவருடையதே, ஐயமில்லை. ஆனால் எழுத்தறியும் ஆசையோடு வந்த ஓர் ஏழைச் சிறுவனை உட்கார வைத்துப் பாடம் சொன்ன தோழர்களின் பொறுமையும் அந்த உயர்வுக்குள் இருக்கிறது. அக்காலத்தில் நம் பங்கு இல்லங்களின் வாசலிலும் இப்படிச் சிறுவர்கள் நின்றிருப்பார்கள். அவர்களுக்கு நாம் கற்பித்தது என்ன என்பதை ஒவ்வொரு பங்கும் தன் பழைய பதிவேடுகளைப் புரட்டிப் பார்த்துக்கொள்ளட்டும்.

சுமப்பதற்கு ஆள் வராமற்போனால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவில் ஒரு சான்று உண்டு. நியூ ஆர்லியன்ஸ் நகரத்து ஜான் கென்னடி டூல் ஒரு நகைச்சுவை நாவலை எழுதினார். நியூயார்க்கின் பெரிய பதிப்பகம் ஒன்றோடு நெடுநாள் கடிதப் போக்குவரத்து நடத்தினார். திருத்தச் சொன்னார்கள், திருத்தினார், ஏற்கவில்லை. 1969இல், தம் 31ஆம் வயதில், அவர் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். மனித மனம் உடைவதற்கு ஒரே காரணம் இராது. அந்தக் கணக்கை இறைவனிடமே விட்டுவிடுவோம். அவருடைய தாயார் தெல்மா அந்தக் கையெழுத்துப்படியைத் தூக்கிக்கொண்டு அலைந்தார். இறுதியில், கத்தோலிக்க நாவலாசிரியரான வாக்கர் பெர்சியைத் தேடிப் போய், வாசித்தே ஆக வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். தட்டிக்கழிக்கக் காரணம் கிடைக்காமல் பெர்சி வாசிக்கத் தொடங்கினார். பிறகு கீழே வைக்க முடியவில்லை. 1980இல் லூசியானா அரசுப் பல்கலைக்கழகப் பதிப்பகம் அதை வெளியிட்டது. 1981இல் புலிட்சர் பரிசு கிடைத்தது. நல்ல எழுத்து தானே வழி தேடிக்கொண்டதா? மகனைப் பறிகொடுத்த ஒரு தாய் கதவைத் தட்டினாள், ஒருவர் திறந்தார். அது நடந்தபோது எழுதியவன் கல்லறையில் இருந்தான்.

மேனாட்டார் இந்தச் சுமக்கும் வேலையை ஒரு தொழிலாகவே ஆக்கியிருக்கிறார்கள். இலக்கிய முகவர் என்பது அதன் பெயர். இலண்டனில் 1870களின் இறுதியில் ஏ. பி. வாட் என்பவர் தொடங்கிவைத்த வழக்கம் அது. எழுத்தாளர் சார்பில் பதிப்பாளரோடு பேசி, கிடைக்கும் தொகையில் நூற்றுக்குப் பத்து எடுத்துக்கொண்டார். இப்போது அது பதினைந்தாகியிருக்கிறது. இன்று இலண்டன், நியூயார்க் நகரங்களின் பெரும் பதிப்பகங்கள் முகவர் வழியாக வராத கையெழுத்துப்படியைப் பெரும்பாலும் பிரிப்பதே இல்லை. புதிதாக எழுதுவோர் ஒரு பக்கத்தில் கதையைச் சுருக்கி, தம்மைப் பற்றி இரண்டு வரி சேர்த்து, பத்துப் பதினைந்து முகவர்களுக்கு அனுப்பிவிட்டுக் காத்திருக்கிறார்கள். மறுப்பே மிகுதியாக வருகிறது. பதிலே வராமற்போவதும் உண்டு. ஆயிரம் நாள் உழைப்பு ஒரு பக்கச் சுருக்கத்தால் எடைபோடப்படுகிறது. ஆகவே மேனாட்டு முறையை நாம் பூச்சூட்டி வரவேற்கப் போவதில்லை. எனினும் அம்முறையில் ஒரு நேர்மை உண்டு. நூல் விற்றால்தான் முகவருக்குக் கூலி. எழுதியவரிடம் முன்பணம் கேட்பவரை அங்கே முகவர் என்று மதிப்பதில்லை.

தமிழ்நாட்டிலும் முகவர் என்னும் சொல் அண்மையில் காதில் விழத் தொடங்கியிருக்கிறது. 2023 சனவரியில் தமிழக அரசு சென்னைப் பன்னாட்டுப் புத்தகக் கண்காட்சியைத் தொடங்கியது. தமிழ் நூல்கள் பிற மொழிகளுக்குச் செல்ல மொழிபெயர்ப்பு நல்கை வழங்கப்படுகிறது. இலக்கிய முகவர்களுக்குப் பயிற்சியும் அளிக்கப்பட்டது. நல்ல காரியம், பாராட்டுகிறோம். ஆனால் இந்த முகவர்கள் கையில் எடுப்பது ஏற்கெனவே அச்சாகிப் பெயர்பெற்ற நூலை. அதைப் பிரான்சுக்கோ மலேசியாவுக்கோ கொண்டுசெல்வது அவர்கள் வேலை. காட்டுமன்னார்கோயிலிலிருந்து சென்னைக்குப் போகத் தெரியாத கையெழுத்துப்படியை எடுத்துச் செல்ல எவரும் பயிற்சி பெறவில்லை. நெடுவழிக்கு வண்டி ஏற்பாடாகியிருக்கிறது. வீட்டு வாசலிலிருந்து தெருமுனை வரை நடத்திச் செல்லத்தான் ஆளில்லை.

முன்பு இந்த வேலையை இதழ்கள் செய்தன. ராஜமையரின் கமலாம்பாள் சரித்திரம் 1893 முதல் விவேக சிந்தாமணியில் தொடராக வந்ததால்தான் நூலாயிற்று. அதன் பிறகு ஏறத்தாழ நூறாண்டுக் காலம் தமிழ் நாவலாசிரியர் பலருக்குத் தொடர்கதையே நுழைவாயிலாக இருந்தது. ஆசிரியர் குழுவில் ஒருவர் வாசிப்பார். பிடித்தால் கடிதம் வரும். பிடிக்காவிட்டால் தபால்தலை ஒட்டி அனுப்பிய உறையில் படைப்பே திரும்பி வரும். திரும்பி வந்ததும் ஒரு பதில்தான். அந்த வாசல் இன்று ஏறக்குறைய அடைபட்டுவிட்டது.

ஆகவே இன்று நம் வட்டாரத்தில் ஒருவர் முதல் நாவலை எழுதிவிட்டால் நடப்பது என்ன? நாம் அருகிருந்து கண்ட ஒன்றைச் சொல்கிறோம். கிள்ளைப் பக்கத்துக் கடலோரத்தைச் சேர்ந்த ஓய்வுபெற்ற தமிழாசிரியை ஒருவர் 2004 டிசம்பர் 26இன் ஆழிப்பேரலையையும், அதன்பின் கரையைவிட்டுக் குடிபெயர்ந்த மக்களின் வாழ்வையும் நாவலாக எழுதினார். பள்ளிக் குறிப்பேடுகளில் ஆறாண்டுகள் எழுதியது. கணினியில் தட்டச்சு செய்ய ஆன செலவே அவருடைய ஒரு மாத ஓய்வூதியத்தை விழுங்கியது. மூன்று பதிப்பகங்களுக்குக் கூரியரில் அனுப்பினார். கிடைத்தது என்பதற்குக்கூட ஒரு வரி வரவில்லை. ஓராண்டுக்குப் பிறகு தொலைபேசியில் கேட்டபோது ஓரிடத்தில், "வரிசையில இருக்கும்மா, பார்க்கிறோம்" என்றார்கள். இன்னோரிடத்தில் அப்படி ஒன்று வந்ததாகவே தெரியவில்லை என்றார்கள். மூன்றாமிடத்தில் தொலைபேசியை எடுக்கவேயில்லை.

நான்காவதாக ஒருவர் தாமே அவரைத் தேடி வந்தார். வாசிக்காமலேயே, "அருமையான நாவல் டீச்சர், உடனே கொண்டுவந்துவிடலாம்" என்றார். பக்க வடிவமைப்புக்கு ஒரு தொகை, அட்டைக்கு ஒரு தொகை, ஐ.எஸ்.பி.என். எண் வாங்க ஒரு தொகை, வெளியீட்டு விழாவுக்கு ஒரு தொகை என்று பட்டியல் வந்தது. கழுத்துச் சங்கிலி அடகுக் கடைக்குப் போயிற்று. முந்நூறு படிகள் என்று பேச்சு. வீட்டுக்கு வந்தது நூறு. மீதி கடைகளுக்குப் போயிருக்கிறது என்பது விளக்கம். மெய்ப்பு யாரும் பார்க்கவில்லை. ஓர் அதிகாரத்தின் நடுப்பக்கங்கள் இரண்டு முறை அச்சாகியிருந்தன. ஒப்பந்தம் என்று ஒரு தாள்கூட இல்லை. அந்த அம்மையார் நம்மிடம் பணத்தைப் பற்றி ஒரு சொல்லும் குறைப்பட்டுக்கொள்ளவில்லை. அவர் சொன்னது இதுதான்: "சாமி, நல்லா இல்லைன்னு யாராவது ஒரு வரி எழுதியிருந்தா நான் திருத்தி எழுதியிருப்பேன். யாரும் படிக்கவே இல்லையே."

அந்த நாவலை நாம் படித்தோம். முதற்பகுதி நீளம், குறைத்தாக வேண்டும். ஆனால் நிவாரணக் குடியிருப்பில் ஒரு கிழவி, கடலோசை கேட்காததால் உறக்கம் வராமல் தவிக்கும் பகுதியைப் படித்த இரவு நமக்கும் உறக்கம் வரவில்லை. கற்றறிந்த ஒருவர் உடனிருந்து திருத்தியிருந்தால் கடலூர் மாவட்டம் பெருமை கொள்ளத்தக்க நூல் அது. இப்போது நூறு படிகளாக ஒரு டிரங்குப் பெட்டியில் கிடக்கிறது.

பணம் வாங்கி அச்சிடும் இந்த வணிகத்தைப் பற்றி ஒளிக்காமல் பேச வேண்டும். ஒருவர் தம் பணத்தில் தம் நூலை அச்சிட்டுக்கொள்வதில் குற்றமில்லை. மாயூரத்தில் முன்சீபாகப் பணியாற்றிய நம் வேதநாயகம் பிள்ளையைப் போலப் பதவியும் வசதியும் உள்ளவர்களுக்கு அச்சகத்தின் கதவு தட்டாமலே திறக்கும். சி. சு. செல்லப்பா தம் எண்பத்தைந்தாம் வயதில், 1997இல், 'சுதந்திர தாகம்' நாவலை மூன்று பகுதிகளாகத் தாமே வெளியிட்டார். அவர் 1998இல் மறைந்தார். சாகித்திய அகாதெமி விருது 2001இல் வந்தது. புத்தகப் பையைச் சுமந்து கல்லூரி கல்லூரியாய் ஏறி இறங்கிய அந்தப் பெரியவரைக் காட்டி, "அவர் செய்யவில்லையா?" என்று இன்றைய எழுத்தாளரிடம் கேட்கிறார்கள். ஒரு முதியவரின் தோள்வலியை நாட்டின் பதிப்பு முறையாக்கிவிடலாமா? மேலும், செல்லப்பா தாம் செய்வது இன்னதென்று அறிந்து செய்தார். அடகுக் கடைக்கு அனுப்பப்படும் ஆசிரியைக்கு, தாம் பதிப்பிக்கப்படுகிறோமா, அச்சகத்தின் வாடிக்கையாளராகிறோமா என்பதே தெரிவதில்லை. தெரியவிடாமல் வைத்திருப்பதில்தான் இந்த வணிகத்தின் ஆதாயம் இருக்கிறது.

இந்தியாவில் ஐ.எஸ்.பி.என். எண்ணுக்குக் கட்டணமே கிடையாது. ராஜா ராம்மோகன் ராய் பெயரிலான நடுவண் அமைப்பு அதை இலவசமாகவே வழங்குகிறது. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, உரிமை மாற்றம் என்பது ஆசிரியர் கையொப்பமிட்ட எழுத்து வடிவில் இருந்தால்தான் செல்லும். எத்தனை ஆண்டுக்கு என்று குறிப்பிடாவிட்டால் ஐந்தாண்டு என்றே பொருள். எந்த நிலப்பரப்புக்கு என்று குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டுமே. உரிமையை வாங்கியவர் ஓராண்டுக்குள் அதைப் பயன்படுத்தாமற்போனால், ஒப்பந்தத்தில் வேறு விதமாகச் சொல்லியிருந்தாலன்றி, அந்த உரிமை கழிந்துவிடும். விற்பனையில் பத்து விழுக்காடு ஆசிரியருக்கு உரிமைத் தொகை என்பது தமிழ்ப் பதிப்புலகில் நெடுநாளைய வழக்கம். கொடுக்கிறார்களா என்பது வேறு. கோயில் திருவிழாவுக்கு ஒலிபெருக்கி அமர்த்தும்போது காட்டும் எச்சரிக்கையைக்கூட ஆறாண்டு உழைப்பை ஒப்படைக்கும்போது நம்மவர் காட்டுவதில்லை. யாரும் சொல்லிக் கொடுக்காததே காரணம்.

பதிப்பாளர் தரப்பையும் கேட்க வேண்டும். தமிழ்ப் பதிப்பாளர் பலர் இரண்டு மூன்று ஆட்களை வைத்துக்கொண்டு காலந்தள்ளுவோர். 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான பொது நூலகங்களின் கொள்முதலை நம்பி ஆயிரத்துச் சொச்சம் படிகள் அடித்த காலம் போய், தேவைக்கேற்ப நூறு இருநூறு என்று அச்சிடும் காலம் வந்திருக்கிறது. வந்து குவியும் கையெழுத்துப்படிகளை வாசிக்கத் தனியே ஆள் வைக்க அவர்களால் இயலாது. இதையெல்லாம் ஒப்புக்கொள்கிறோம். புதியவர்களைத் தேடிக் கண்டெடுத்த பதிப்பாளர்கள் தமிழில் இருந்திருக்கிறார்கள், இன்றும் இருக்கிறார்கள் என்பதையும் நன்றியோடு சொல்கிறோம். ஆனால் ஏற்க முடியாது என்று ஒரு வரி எழுத எவ்வளவு செலவு? "கிடைத்தது, ஆறு மாதத்துக்குள் பதில் இல்லையெனில் வேறிடம் அனுப்பிக்கொள்க" என்று ஓர் அறிவிப்பை அச்சடித்து வைத்துக்கொள்ள முடியாதா?

எரேமியா இறைவாக்கினரின் நூலில் 36ஆம் அதிகாரத்தை வாசகர்கள் எடுத்துப் பார்க்கட்டும். எரேமியா சொல்லச் சொல்ல, பாரூக்கு ஏட்டுச்சுருளில் எழுதுகிறார். எரேமியா கோவிலுக்குள் போகத் தடை. ஆகவே பாரூக்கே சுருளைச் சுமந்து சென்று மக்கள் கேட்க வாசிக்கிறார். பிறகு அதிகாரிகள் முன் வாசிக்கிறார். ஆபத்து வரும், ஒளிந்துகொள் என்று அவர்களே எச்சரிக்கிறார்கள். சுருள் அரசன் யோயாக்கிமிடம் போகிறது. குளிர்காலம், முன்னால் கணப்புச் சட்டியில் நெருப்பு. மூன்று நான்கு பத்திகள் வாசிக்கப்பட்டதும் அரசன் அவற்றைக் கத்தியால் அறுத்து நெருப்பில் எறிகிறான். இப்படியே முழுச் சுருளும் எரிகிறது. குருமடத்தில் இந்தப் பகுதியைப் படித்தபோது அரசனின் இறுமாப்பையே நமக்குச் சுட்டிக்காட்டினார்கள். இப்போது வாசிக்கையில் வேறொன்று கண்ணில் படுகிறது. யோயாக்கிம் கொடியவன்தான், ஆனால் பத்தி பத்தியாக வாசிக்கச் செய்து கேட்ட பிறகே எரித்தான்! நம் காலத்துக் கையெழுத்துப்படிகளுக்கு அந்த மரியாதையும் இல்லை. எரிந்த பிறகு நடந்தது அதைவிடச் சிறப்பு. வேறொரு சுருளை எடுத்து, எரேமியா சொல்ல, பாரூக்கு முழுவதையும் மறுபடி எழுதினார். முன்னைவிட மிகுதியாகவும் சேர்த்து எழுதினார். மறுக்கப்பட்ட எழுத்து மறுபடி எழுந்ததற்கு, எழுதியவரின் பக்கத்தில் ஒருவர் இருந்ததே காரணம்.

இப்போது நம் வீட்டுக்கு வருவோம். தமிழ் அச்சு என்றதும் நாம் மார்தட்டிக்கொள்கிறோம். 1578இல் கொல்லத்தில் அண்டிரிக் அடிகளார் அச்சிட்ட தம்பிரான் வணக்கம்தான் இந்திய மொழியொன்றில் இந்திய மண்ணில் அச்சான முதல் நூல் என்று பள்ளி ஆண்டுவிழாவில்கூடப் பேசுகிறோம். உண்மைதான். முத்துக்குளித்துறை மக்கள் தந்த பணத்தில் எழுந்த முயற்சி அது. ஆனால் அதே வரலாற்றின் இன்னொரு பக்கம் உண்டு. வீரமாமுனிவர் 1726இல் இயற்றிய தேம்பாவணி, 1851 முதற்கொண்டே புதுவை மிஷன் அச்சகத்தில் மூன்று பகுதிகளாக அச்சேறியது. நூற்றிருபத்தைந்து ஆண்டுகள்! முனிவர் மறைந்தே நூறாண்டு கடந்திருந்தது. நம் திருச்சபையின் தலைசிறந்த தமிழ்க் காப்பியத்தை அத்தனை காலம் ஏட்டுச் சுவடியாகவே காக்க வைத்தவர்களும் நாம்தாம், இறுதியில் அச்சேற்றியவர்களும் நாம்தாம்.

அந்தப் புதுவை அச்சகத்தில்தான் தமிழ்–பிரெஞ்சு அகராதியும் அச்சாயிற்று. இன்று நம் மறைமாவட்ட அச்சகங்களின் மேசையில் கிடப்பவை எவை? திருமண அழைப்பிதழ், நவநாள் செபநூல், நாள்காட்டி, குருப்பட்ட வெள்ளிவிழா மலர். இவை வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. இவற்றால்தான் அச்சகத்தின் மின்கட்டணம் கட்டப்படுகிறது. ஆனால் ஒரு நாவலின் கையெழுத்துப்படியோடு யாரேனும் உள்ளே வந்தால், ஒரு பக்கத்துக்கு எவ்வளவு என்ற விலைப்பட்டியல்தான் அங்கும் நீட்டப்படுகிறது. சென்னையில் அம்மையாருக்கு நடந்ததற்கும் இதற்கும் வேறுபாடு என்ன?

நம்மால் முடியாதென்று சொல்லிவிட முடியாது, ஒருமுறை முடிந்திருக்கிறது. பாமாவின் 'கருக்கு' 1992இல் வெளிவந்தது. துறவு மடத்திலிருந்து வெளியேறிய ஒரு பெண், தம் ஊர்ப் பேச்சுமொழியிலேயே தலித் கிறித்தவர் வாழ்வை எழுதிய நூல். அதை வெளியிட்டது மதுரையில் சேசு சபையினர் நடத்திய சமுதாயச் சிந்தனை செயல் ஆய்வு மையம். லட்சுமி ஹோம்ஸ்ட்ராமின் மொழிபெயர்ப்பில் 2000இல் ஆங்கிலத்துக்குச் சென்று கிராஸ்வேர்டு விருதும் பெற்றது. இன்று பல்கலைக்கழகங்களில் பாடமாயிருக்கிறது. அந்த நூல் நம் திருச்சபையைப் புகழ்ந்து எழுதப்பட்டதன்று. கோவிலுக்குள்ளும் கல்லறையிலும் மடத்திலும் சாதி குடியிருப்பதை அது எழுதியது. அதை அச்சேற்றியவர்கள் அதனால்தான் அச்சேற்றினார்கள். "பங்குத்தந்தை கதை கேட்டால் புனிதர் வரலாறுதான் கேட்பார்" என்று ஐயுறும் இளைஞர்களுக்காக இதைச் சொல்கிறோம். நம்மைக் கடிந்துரைக்கும் பக்கங்கள் இருந்தாலும் கொண்டு வாருங்கள்.

"ஆன்ம நலன் காக்க வந்தவருக்கு நாவல் எதற்கு?" என்று மூத்த குருக்கள் சிலர் நம்மிடமே கேட்டதுண்டு. அவர்களுக்கு நாம் பதில் சொல்லத் தேவையில்லை. உரோமையிலிருந்தே பதில் வந்திருக்கிறது. 2024 சூலை 17 நாளிட்ட மடலில், உருவாக்கப் பயிற்சியில் இலக்கியத்துக்குள்ள பங்கைப் பற்றித் திருத்தந்தை பிரான்சிஸ் விரிவாக எழுதினார். குருமாணவரை எண்ணித் தொடங்கி, பிறகு கிறித்தவர் அனைவருக்கும் பொருந்துமென்று அதை விரித்தார். சேசு சபைப் பள்ளியொன்றில் 1964, 65ஆம் ஆண்டுகளில் தாம் இலக்கிய ஆசிரியராக இருந்த நினைவையும் அதில் சொன்னார். 2025 ஏப்ரல் 21இல் அவர் மறைந்தபோது நம் பங்குகள்தோறும் இரங்கல் திருப்பலி நடந்தது, பதாகைகள் கட்டினோம். அந்த மடலை எத்தனை பங்கு இல்லங்களில் வாசித்தார்கள் என்று கேட்டால் அமைதிதான் கிடைக்கும்.

திராட்சைத் தோட்ட உரிமையாளரின் உவமையில் ஒரு செய்தியை மறையுரைகளில் நாம் விட்டுவிடுகிறோம். கூலி கொடுத்த விதத்தைப் பற்றியே பேசுகிறோம். அதற்கு முன் அந்த உரிமையாளர் விடியற்காலை தொடங்கி மாலை ஐந்து மணி வரை, ஒரே நாளில் ஐந்து முறை, தாமே சந்தைவெளிக்குப் போகிறார். கணக்கப்பிள்ளை ஒருவர் இருந்தும் அவரை அனுப்பவில்லை. வேலையற்று நின்றவர்களைச் சோம்பேறிகள் என்று ஏசவில்லை. ஏன் நிற்கிறீர்கள் என்று கேட்கிறார். யாரும் தங்களை அழைக்கவில்லை என்ற பதிலை அப்படியே நம்புகிறார். நம் வட்டாரத்தில் எழுதிவிட்டு நிற்பவர்களை அழைக்கவில்லை என்பதுதான் உண்மை. கல்லூரிகள் நமக்கு உண்டு, பள்ளிகள் உண்டு, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்கள் ஒவ்வொரு அன்பியத்திலும் உண்டு. அண்ணாமலைப் பல்கலைக்கழகம் இருக்கும் ஊரில் இலக்கணப் பிழை திருத்த ஆள் கிடைக்காது என்று சொன்னால் நடராசரும் நகைப்பார்.

நாம் கேட்பது பெரிதொன்றுமில்லை. ஒவ்வொரு மறைவட்டத்திலும் நாலு பேர் அடங்கிய ஒரு வாசிப்புக் குழு போதும். யார் கொண்டு வந்தாலும், எச்சமயத்தவராயினும், அவர்கள் வாசிக்கட்டும். எங்கே நன்று, எங்கே நீளம் என்று எழுத்தில் பதில் தரட்டும். தகுதியுடையதைத் தக்க பதிப்பாளருக்கு ஒரு பரிந்துரைக் கடிதத்தோடு அனுப்பி, ஆறு மாதம் கழித்து நினைவூட்டல் அனுப்பட்டும். பணம் கேட்கும் வெளியீட்டாளர் வந்தால் எழுத்தாளரோடு உடன் அமர்ந்து ஒப்பந்தத் தாளைக் கேட்கட்டும். பேராயர் இல்லத்திலிருந்து சுற்றறிக்கை வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

நம் பங்கில் இதைத் தொடங்கிவிட்டோம். புதன்கிழமை மாலைத் திருப்பலிக்குப் பின் பங்கு இல்லத்து முன்னறையில் குழு கூடுகிறது. கொண்டு வருவோர் ஒரு படியைத் தம்மிடமே வைத்துக்கொண்டு மறுபடியைத் தர வேண்டும். பெற்றுக்கொண்டதற்குக் கையொப்பமிட்ட சீட்டு தருகிறோம். மூன்று மாதத்துக்குள் பதில். கட்டணம் இல்லை, காணிக்கையும் வேண்டாம். இதுவரை மூன்று நாவல்கள் வந்திருக்கின்றன. இரண்டை வாசித்துப் பதில் எழுதியாயிற்று. மூன்றாவதை எழுதியவர் கடலூர் துறைமுகத்தில் படகுப் பழுது பார்ப்பவர். இருநூற்றுப் பத்துப் பக்கங்கள், எல்லாம் பென்சில் எழுத்து, சில தாள்களில் மசகெண்ணெய்க் கறை. தட்டச்சு செய்தாலொழிய குழுவில் மற்றவர்கள் வாசிக்க இயலாது. தட்டச்சு அறிந்தவர், கொஞ்சம் பொறுமையும் உடையவர், யாரேனும் இருந்தால் வருகிற புதனன்று வரவும்.